பச்சை போனது, கிருமி போகவில்லை

கிருமி வளர்க்கும் பிளேட்டில் வெள்ளை வட்டம் தெரிந்தால் உடனே போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். புதிதாக ஆய்வுக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது அவ்வளவுதான். இதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால், ரிட்டயர் ஆன பிறகு மேடத்துக்குக் கோபம் ஜாஸ்தியாகிவிட்டது என்று கேன்டீனில் பேசிக்கொள்வீர்கள். பேசிக்கொள்ளுங்கள், அது உண்மைதான். ஆனாலும் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இலையை எப்படிக் கழுவுவது, எதில் கரைப்பது, எந்தச் சூட்டில் வைப்பது என்றெல்லாம் நான் பேசப்போவதில்லை. அதற்கு உங்கள் சீனியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தப்பாகச் சொல்லிக்கொடுத்தாலும் இரண்டு முறை சொதப்பிவிட்டு நீங்களே சரிசெய்துகொள்வீர்கள். ஒரு மனிதர் எதிரே வந்து நின்று, உன் குப்பியில் இருப்பதை எனக்குக் கொடு என்று கை நீட்டினால் என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை.

நம் வேலை என்ன என்று வெளியாட்களிடம் சொல்லும்போது கவனித்திருக்கிறீர்களா? செடியின் இலைக்குள் சில பூஞ்சைகள் குடியிருக்கின்றன. செடிக்கு ஒரு தொந்தரவும் தருவதில்லை. அவை சுரக்கும் சில பொருட்கள் கிருமிகளின் பேச்சைக் கெடுக்கின்றன, அவற்றை நாம் தேடுகிறோம். இதுவரை சொன்னால் யாருக்கும் புரியாது. கிருமிக்கு வாய் இருக்கிறதா என்று என் மாமியாரே கேட்டிருக்கிறார்.

அவருக்கு நான் சொன்ன பதில் இது. சாதாரண நாளில் கிரிவலப் பாதையில் நாலு பேர் நடந்தால் லாரிக்காரன் ஹாரன் அடித்து ஓரம்கட்டிவிட்டுப் போவான். பௌர்ணமியன்று அதே பாதையில் லாரி நுழைய முடியுமா? கூட்டம் சேர்ந்துவிட்டால் ரோடே அவர்களுடையதாகிவிடுகிறது. கிருமியும் கொஞ்சமாக இருக்கும்வரை சும்மா கிடக்கும். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பொருளை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பொருள் அடர்த்தியானதும், ஆள் சேர்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு எல்லாம் சேர்ந்து விஷத்தைக் கக்கும், பச்சையோ வேறோ தன் நிறத்தைக் காட்டும். நம் பூஞ்சையின் சரக்கு அந்தச் சேதி போய்ச் சேராமல் தடுக்கிறது. கிருமியைக் கொல்வதில்லை. இந்தக் கடைசி வரியைத்தான் எல்லாரும் காதில் வாங்காமல் விடுகிறார்கள்.

ரம்யா அப்போது என்னிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். கெட்டிக்காரி, கொஞ்சம் அவசரக்காரி. அவளுடைய பூஞ்சை கிரிவலப் பாதையோரம் இருக்கும் அடி அண்ணாமலையில் ஏழுமலை என்பவருடைய வரப்பில் நின்ற நொச்சியிலிருந்து வந்தது. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடியில் வளர்த்து வளர்த்து மாற்றிக்கொண்டே இருந்தால் இந்தப் பூஞ்சைகளுக்குச் சோம்பல் வந்துவிடும், சுரக்க வேண்டியதைச் சுரக்காது. அதனால் அவள் அடிக்கடி போய்ப் புது இலை பறித்துவருவாள். "ஆடு கூட இத்த மோந்துட்டுப் போயிடுது, நீ பஸ் ஏறி வந்து பறிக்கறியேமா" என்று அவர் கிண்டல் செய்வாராம். ஆனாலும் நல்ல கொப்பாக வளைத்துப் பிடித்துக்கொடுப்பார்.

ஏழுமலைக்கு என் வயதிருக்கும். வருடக்கணக்காகச் சர்க்கரை. வருடக்கணக்காகப் பௌர்ணமி தவறாமல் வெறுங்காலில் மலையைச் சுற்றுபவர். சர்க்கரைக்காரர்களின் பாதத்துக்கு உணர்ச்சி கம்மியாகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். தார் ரோட்டுச் சூடு அவருக்குத் தெரியவில்லை. அதைச் சாமியின் கருணை என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு சுற்றில் ஏதோ குத்தியிருக்கிறது. வீட்டுத் தரையில் ஈரக்கறை பார்த்த பிறகுதான் காலைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். புண் ஆறவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுக்க வேண்டும் என்றார்கள். விரல் போனால் எப்படி அடி வைத்து நடப்பது என்று யாரிடமும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் எங்கள் கல்லூரியில் ஒரு விழா. ரம்யா மேடையில் அழகாகப் பேசினாள். நொச்சி இலைக்குள் வாழும் பூஞ்சையிலிருந்து ஒருநாள் ஆறாத புண்களுக்கு மருந்து வரக்கூடும் என்றாள். அதில் ஒரு தப்பும் இல்லை. மறுநாள் பேப்பரில் நொச்சி இலையில் புண்ணுக்கு மருந்து, மாணவி கண்டுபிடித்தார் என்று வந்தது. 'பூஞ்சை'யும் போயிற்று, 'ஒருநாள்' என்பதும் போயிற்று, 'வரக்கூடும்' என்பதும் போயிற்று. நாங்கள் அதை வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம்.

அடுத்து வந்த பௌர்ணமியன்று மதியம். சாயங்காலத்துக்குள் ரோடெல்லாம் அடைத்துவிடுவார்கள் என்று கல்லூரியில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். நானும் பையை எடுத்துவிட்டேன். அப்போதுதான் ஏழுமலை அவருடைய மகன் சங்கரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆய்வுக்கூட வாசலுக்கு வந்தார். வலது பாதத்தில் துணிக்கட்டு. அதற்குள்ளிருந்து அரைத்த நொச்சி விழுது பிதுங்கிக் காய்ந்திருந்தது. பேப்பரில் இலை என்றுதானே போட்டிருந்தது, அரைத்துக் கட்டிவிட்டார்.

"டீச்சரம்மா, தழைய வெச்சிக் கட்னேன், கேக்கல. நீங்க காச்சி வெச்சிகீற மருந்தக் குடுங்க. கட்டினு இன்னிக்கு ஒரு சுத்து சுத்திட்டு வந்துட்றேன். அப்பறம் நீங்க இன்னா சொன்னாலும் கேக்கறேன்."

"மருந்து இருக்குனு யார் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

சங்கர் போனை நீட்டினான். படத்தில் இரண்டு பிளேட். ஒன்று முழுக்கப் பச்சை. இன்னொன்றில் பச்சையே இல்லை, பால் படிந்தது போல வெளுப்பு. "ரம்யாக்கா அனுப்புனாங்க மேடம். அப்பா கால்லேந்து எடுத்த கிருமியாம். மருந்து ஊத்துனதுல பச்சையே இல்ல பாருங்க."

ரம்யாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். இலை பறிக்கப் போன இடத்தில் அவருடைய புண்ணிலிருந்து பஞ்சில் தொட்டு எடுத்து வந்திருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. நோயாளியிடமிருந்து இப்படி எடுக்க அனுமதி தரும் கமிட்டியிடமும் கேட்கவில்லை. எடுத்ததோடு நிற்காமல் படத்தையும் அனுப்பியிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கத்தியிருப்பேன். அதற்குள் ஏழுமலை தோளில் கிடந்த துண்டை எடுத்து மார்போடு போர்த்திக்கொண்டார்.

"இந்த வெயில்ல குளிருதா உங்களுக்கு?"

"காலையிலேந்து வெடவெடன்னு கீது. ஒண்ணும் இல்ல."

வேட்டியைக் கொஞ்சம் தூக்கச் சொன்னேன். கணுக்காலுக்கு மேலே சிவப்பு ஏறியிருந்தது. தோல் இழுத்துப் பிடித்துப் பளபளவென்று இருந்தது. நான் டாக்டர் இல்லை. ஆனால் வாழ்நாள் முழுக்கக் கிருமியோடு இருந்தவளுக்கு அந்த நடுக்கம் என்ன என்று தெரியும். அது காலோடு நிற்கவில்லை, ரத்தத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டது. இந்த மனிதர் இன்று ராத்திரி வெறுங்காலில் மலையைச் சுற்றினால் திரும்பி வீட்டுக்கு வரமாட்டார்.

ரம்யா என்னை ஓரமாக இழுத்துப் போனாள். "மேடம், அவர் கிருமி மேலயே வேலை செய்யுது மேடம். எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேங்கிறார். கொஞ்சமா ஊத்திப் பாத்தா என்ன? இதைவிட மோசமா என்ன ஆயிடப்போகுது?"

உங்களில் யாராவது அந்த இடத்தில் நின்றிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பீர்கள். குப்பி ஃப்ரிட்ஜில் இருந்தது. கதவைத் திறந்தால் கைக்கு எட்டும். அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர். நின்றபடி யோசித்தேன். இதை ஓர் எலியின் மேல்கூட நாங்கள் தடவிப் பார்க்கவில்லை. அந்தப் பூஞ்சை வேறு என்னென்ன சுரக்கிறது என்று தெரியாது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இதை ஊற்றிப் புண்ணில் பச்சை குறைந்துவிட்டால் அவர் குணமாகிவிட்டது என்று நம்பி நடக்கப் போய்விடுவார். உள்ளே கிருமி அப்படியே இருக்கும்.

"அது குடுக்கறதுக்கு இல்ல ரம்யா" என்றேன்.

சங்கர் மெதுவாக என் பக்கம் வந்தான். "மேடம், ஆஸ்பத்திரில வெச்சித்தான் இந்த மருந்தப் போடுவாங்கனு சொல்லுங்க. நம்பி வந்துடுவாரு."

நல்ல யோசனைதான். சட்டென்று முடிந்துவிடும். எனக்கு மனம் வரவில்லை. இல்லாத மருந்தை இருக்கிறது என்று நம்பித்தான் அவர் இத்தனை நாளைக் கழித்திருக்கிறார். மறுபடியும் அதே பொய்யைச் சொல்லிக் கூட்டிப்போனால், அங்கே மருந்து எங்கே என்று கேட்டுவிட்டு முன்பு போலவே எழுந்து நடந்துவிடுவார். அந்த முறை எங்களிடமும் வரமாட்டார்.

ஏழுமலைக்கு நாங்கள் குசுகுசுவென்று பேசியது பிடிக்கவில்லை. ஸ்டூலிலிருந்தே குரலை உயர்த்தினார். "இன்னா ரகசியம்? மருந்தா இல்லியா, ஒரே பேச்சு சொல்லுங்க."

ரம்யா ஆரம்பித்தாள். "ஐயா, ஆரம்பகட்ட ஆய்வுல முடிவுகள் நல்லா..."

"இல்லை" என்றேன் நான்.

அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. நம் தொழிலில் யாரும் அதைச் சொல்வதில்லை. வாய்ப்பு இருக்கிறது என்போம், மேலும் ஆராய வேண்டும் என்போம். ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை.

அவர் முகம் சிவந்துவிட்டது. "பேப்பர்ல போட்டீங்க. போன்ல அனுப்பிச்சீங்க. இப்ப நேர்ல வந்தா இல்லன்றீங்க. செங்கம் ரோட்டுல வந்து தங்கறானே வெள்ளக்காரன், அவனுக்கு விக்கறதுக்கு வெச்சினுகீறீங்களா? அது என் வரப்புச் செடி!"

"உங்க செடிதான் அண்ணா. அதனாலதான் உங்ககிட்ட உண்மையச் சொல்றேன்."

"அப்ப அந்த வெள்ளத் தட்டு இன்னாது? கிருமி செத்துதானே வெள்ளையா பூட்டுது?"

அப்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியது. ரம்யாவிடம் திரும்பினேன். "அந்த வெள்ளையிலேந்து தொட்டு, மருந்தில்லாத பிளேட்ல போட்டுப் பாத்தியா?"

"போட்டேன் மேடம். நேத்து."

"பாத்தியா?"

"காலையில பாத்தேன்."

"எடுத்துட்டு வா."

மூடி ஒட்டிய பிளேட்டை இன்குபேட்டரிலிருந்து எடுத்துவந்தாள். பச்சை. ஓர் ஓரம்கூட மிச்சமில்லாமல் பச்சை.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ரம்யா எதையும் மறைக்கவில்லை. நம் கணக்கில் அந்தப் பச்சை ஒரு நல்ல செய்தி. மருந்தை எடுத்ததும் பச்சை திரும்பினால்தான், நம் பொருள் கிருமியைக் கொல்லாமல் பேச்சை மட்டும் நிறுத்தியது என்று நிரூபிக்க முடியும். அவள் காலையில் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். அதே பச்சை இந்த மனிதருக்கு எமன் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. வெள்ளையின் படம் அடி அண்ணாமலைக்குப் போயிற்று, பச்சையின் படம் போகவில்லை.

பிளேட்டை மூடியோடு அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். "அண்ணா, இது அந்த வெள்ளைத் தட்டுலேந்து எடுத்ததுதான். நீங்க செத்துடுச்சினு நெனச்சீங்களே, அதே கிருமி. மருந்த விட்டு வெளிய எடுத்துப் போட்டோம். ஒரே நாள்ல பாருங்க."

அவர் பிளேட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். கட்டுத்துணியின் ஓரத்தில் ஊறியிருந்த கறையும் பச்சைதான். நொச்சி விழுது காய்ந்து கறுத்துப்போயிருந்தது, இது அந்தப் பச்சை இல்லை. இது பிளேட்டில் இருந்த அதே பச்சை. துணியையும் பிளேட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப சாவல" என்றார்.

"சாகலை. கொஞ்ச நேரம் பேசாம இருந்துச்சு. அவ்ளோதான் எங்களால முடியும். அதைக் கொல்றதுக்கு ஆஸ்பத்திரியில மருந்து இருக்கு. உங்க கால்ல அது மேல ஏறிட்டிருக்கு. இன்னிக்கு நீங்க சுத்தப் போனா செத்துடுவீங்க."

இவ்வளவு பச்சையாகப் பேசியிருக்க வேண்டாம் என்று பிறகு சிலர் சொன்னார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் துண்டை இறுக்கிக்கொண்டு சங்கரைப் பார்த்து, "சரி, இட்டுனு போடா" என்றார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். கூட்டத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறது, நேரமாகும் என்றார்கள். பைக்கில் அந்தக் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகவிட எனக்குத் துணிச்சல் இல்லை. என் காரின் பின்சீட்டில் படுக்க வைத்தோம், ரம்யா அவர் காலை மடியில் வாங்கிக்கொண்டாள். சங்கர் முன்னால் உட்கார்ந்தான்.

முதல் திருப்பத்திலேயே தடுப்பு. இளவயதுக் கான்ஸ்டபிள் கையை ஆட்டி, "சுத்திப் போங்கமா, வண்டி விட மாட்டோம்" என்றார். சுற்றிப் போனால் இன்னொரு தடுப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி கேஸ் என்றேன். அன்றைக்கு எத்தனை பேர் அவரிடம் அதைச் சொல்லியிருப்பார்களோ, நம்பவில்லை. பின்னால் ஹாரன் சத்தம். பின்சீட்டில் ஏழுமலை முனகிக்கொண்டே எழுந்து, ரம்யாவின் மடியிலிருந்த காலை அப்படியே ஜன்னல் வழியாக வெளியே நீட்டினார்.

"இந்தாப்பா, மோந்து பாரு."

கான்ஸ்டபிள் மூக்கைப் பொத்திக்கொண்டு தடுப்பை இழுத்தார். அந்த நிலையிலும் சங்கருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு கூட்டத்துக்கு எதிராக அங்குலம் அங்குலமாகப் போனோம். வெறுங்கால்கள் காரை உரசிக்கொண்டு கடந்தன. ஏழுமலை ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். பிறகு கும்பிட்ட கை கீழே விழுந்தது. "ஐயா, ஐயா" என்று ரம்யா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த சர்ஜன் ஒரு பெண். என்னைவிட வயதில் மிகவும் சின்னவர். கட்டைப் பிரித்ததும் எங்களை நிமிர்ந்து பார்த்தார். "இவருக்கு அப்பவே ரெண்டு விரலோட முடிஞ்சிருக்க வேண்டியது. எங்க போயிருந்தார் இத்தனை நாளா?"

சங்கர் வாயைத் திறந்தான். அவனுக்கு முன்னால் ரம்யா சொன்னாள். "எங்க மருந்துக்காகக் காத்துட்டிருந்தார் டாக்டர்."

"என்ன மருந்து?"

"அப்படி ஒண்ணு இல்ல டாக்டர்."

சர்ஜன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்விட்டார். என் பணிக்காலத்தில் எத்தனையோ பேராசிரியர்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அந்த மௌனம் கற்றுக்கொடுத்த அளவுக்கு அவர்கள் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

பாதத்தில் முன்பாதியை எடுத்தார்கள். உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ரம்யா ஒரு வாரம் ஆய்வுக்கூடத்துக்கு வரவில்லை. அனுமதி இல்லாமல் எடுத்த கிருமியையும், அதன் முடிவுகளையும் அழிக்கச் சொன்னேன். அவளுடைய ஆய்விலேயே அழகான முடிவு அதுதான், எனக்கும் வயிறு எரிந்தது. அவள் ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசாமல் அழித்தாள். நோட்டீஸ் போர்டிலிருந்து அந்தப் பேப்பர் துண்டையும் அவளே கிழித்தாள்.

கொஞ்ச மாதம் கழித்து ஏழுமலை வந்தார். வலது காலில் கனமான தோல் செருப்பு, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. கையில் ஒரு நொச்சிக் கொப்பு. "ஏம்மா ரம்யா, தழை பறிக்க வர மாட்டேன்ற? கோவமா?" என்றார். கோபப்பட வேண்டியவர் அவர். அந்தப் பெண் அழுதுவிட்டாள்.

"சுத்தறீங்களா இப்பவும்?" என்று கேட்டேன்.

"செருப்புப் போட்டுனு சுத்தறேன், பாதி ரோடு நடை, பாதி ரோடு ஆட்டோ. சாமி ஒண்ணும் கேக்கல. ஊர்க்காரன்தான் கேக்கறான், செருப்போட சுத்தறியேனு. அவனுக்கு ஒண்ணும் சொல்றதில்ல." பிறகு ஃப்ரிட்ஜைப் பார்த்தார். "அது மருந்தாயிடுச்சா?"

ரம்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இல்ல ஐயா" என்றாள்.

ரம்யா இப்போது உங்களுக்கு வழிகாட்டி, அதனால் அவளைப் பற்றி இதற்கு மேல் சொன்னால் அவளுக்குச் சங்கடம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் இங்கே நடந்த விழாவில் நானும் கீழே உட்கார்ந்திருந்தேன். அவளுடைய பூஞ்சைப் பொருளை இப்போது எலிப் புண்களில் முறையான அனுமதியோடு போட்டுப் பார்க்கிறார்கள், கிருமியைக் கொல்லும் மருந்தோடு சேர்த்து. நன்றாகவே வந்திருக்கிறது. பேசி முடித்ததும் ஒரு நிருபர் எழுந்து, "அப்போ சர்க்கரைப் புண்ணுக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சுனு போடலாமா மேடம்?" என்றார்.

முதல் வரிசையில் நிர்வாகத்தினர் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் மைக்கைப் பிடித்து, "இல்லை" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. நிருபர் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டினேன். எங்களைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.